உடற்பயிற்சியும் சுவாசமும்

உடற்பயிற்சியின்போது சுவாசத்தில் ஏற்படும் மாற்றங்கள் என்பன, உழைக்கும் தசைகளுக்குத் தேவையான ஆக்சிசனைக் கொண்டு சேர்ப்பதற்கும், அங்கே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதற்கும் சுவாச மண்டலமும் இரத்த ஓட்ட மண்டலமும் இணைந்து செய்யும் சரிக்கட்டல்கள் ஆகும். ஓடும்போதும் மாடிப்படி ஏறும்போதும் மூச்சு வாங்குவதை எல்லோரும் உணர்ந்திருப்பர். "உடலில் ஆக்சிசன் குறைந்துவிட்டது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது" என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் நலமான ஒருவர் கடல் மட்டத்தில் மிதமாக ஓடும்போது அவரது தமனி இரத்தத்தில் ஆக்சிசனின் அளவு ஏறக்குறைய ஓய்வில் இருந்த அளவிலேயே இருக்கிறது. மூச்சு வாங்குவது பெரும்பாலும் பற்றாக்குறையின் அடையாளம் அன்று. பற்றாக்குறை நேராமல் உடல் முன்கூட்டியே செய்யும் வேலையின் அடையாளம்.

ஓய்வு நிலையில் சுவாசம்

ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே சென்று வெளிவரும் காற்று சுமார் 500 மி.லி. ஆகும். இது மூச்சுக்காற்று அளவு எனப்படுகிறது. மூச்சுக்காற்று அளவை நிமிடத்திற்கான மூச்சு எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பது நிமிடச் சுவாசக் கொள்ளளவு. ஓய்வில் இது 6 முதல் 8 லிட்டர் வரை இருக்கும்.

உள்ளிழுக்கும் காற்று முழுவதும் பயன்படுவதில்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல், மூச்சுக்கிளைக்குழல்கள் ஆகியவற்றில் தங்கிவிடும் சுமார் 150 மி.லி. காற்று இரத்தத்தைத் தொடாமலேயே வெளியேறுகிறது. இப்பகுதி பயனற்ற இடம் எனப்படும். எஞ்சிய காற்றே நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளை அடைகிறது. இந்நுண்ணறைகளின் மொத்தப் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர். அவற்றின் மிக மெல்லிய சுவர் வழியாக ஆக்சிசன் இரத்தத்திற்குள் ஊடுருவுகிறது. கார்பன் டை ஆக்சைடு எதிர்த்திசையில் வெளியேறுகிறது.

ஓய்வில் மூச்சை உள்ளிழுப்பது உதரவிதானத்தின் வேலை. விலாவிடைத் தசைகள் அதற்குத் துணை நிற்கின்றன. மூச்சை வெளிவிடுவதற்குத் தனி முயற்சி எதுவும் தேவையில்லை. விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையால் தானே சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும்.

உடற்பயிற்சியின்போது நிகழும் மாற்றங்கள்

பயிற்சி தொடங்கியதும் முதலில் மூச்சின் ஆழம் கூடுகிறது; பிறகு அதன் வேகமும் கூடுகிறது. கடும் பயிற்சியில் மூச்சுக்காற்று அளவு 2 முதல் 3 லிட்டர் வரையும், மூச்சு எண்ணிக்கை நிமிடத்திற்கு 40 முதல் 60 வரையும் உயரலாம். நிமிடச் சுவாசக் கொள்ளளவு 100 லிட்டரைத் தாண்டும். பெரிய உடற்கட்டுடைய தேர்ந்த விளையாட்டு வீரர்களிடம் இது 200 லிட்டரை நெருங்குவதும் உண்டு.

ஆழம் முதலில் கூடுவதற்குக் காரணம் பயனற்ற இடம்தான். ஒருவர் நிமிடத்திற்கு 12 முறை, ஒவ்வொரு முறையும் 500 மி.லி. மூச்சிழுத்தால் மொத்தம் 6 லிட்டர் காற்று உள்ளே செல்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் 150 மி.லி. வீணாவதால் நுண்ணறைகளை அடைவது 4.2 லிட்டர். இன்னொருவர் மேலோட்டமாக நிமிடத்திற்கு 30 முறை, 200 மி.லி. வீதம் மூச்சு விடுவதாகக் கொள்வோம். அவருக்கும் மொத்தம் 6 லிட்டர்தான். ஆனால் நுண்ணறைகளை அடைவது 1.5 லிட்டர் மட்டுமே. களைத்த நேரத்தில் நாய்போல் இளைப்பதைவிட ஆழ்ந்து மூச்சு விடுவது ஏன் நல்லது என்பதை இக்கணக்கே காட்டிவிடும்.

மூச்சின் வேகம் கூடும்போது வெளிவிடுதலும் விரைவாக நடக்க வேண்டும். எனவே ஓய்வில் சும்மா இருந்த வயிற்றுத் தசைகளும் உள் விலாவிடைத் தசைகளும் காற்றை வெளித்தள்ள முனைகின்றன. கழுத்துத் தசைகள் மார்புக்கூட்டை மேலே தூக்கி உள்ளிழுத்தலுக்கு உதவுகின்றன. நிமிடச் சுவாசக் கொள்ளளவு சுமார் 35 முதல் 40 லிட்டரைத் தாண்டும்போது மூக்கின் குறுகிய வழி போதாமல் பெரும்பாலோர் வாயாலும் மூச்சு விடத் தொடங்குகின்றனர். இந்தச் சுவாசத் தசைகளுக்கும் ஆக்சிசன் வேண்டும். ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் மிகச் சிறு பங்கையே எடுத்துக்கொள்ளும் இவை, கடும் பயிற்சியில் 10 முதல் 15 விழுக்காடு வரை எடுத்துக்கொள்கின்றன.

மூச்சைக் கூட்டச் சொல்வது எது?

சுவாசத்தின் தாளத்தை அமைக்கும் நரம்பு மையங்கள் மூளைத்தண்டின் முகுளத்திலும் பான்ஸ் பகுதியிலும் உள்ளன. இம்மையங்கள் இரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அளவை மிக நுட்பமாகக் கவனிக்கின்றன என்பதை 1905 இல் ஜான் ஸ்காட் ஹால்டேன், ஜான் கில்லிஸ் பிரீஸ்ட்லி ஆகியோர் காட்டினர். கார்பன் டை ஆக்சைடு சிறிது கூடினாலே சுவாசம் பெரிதும் கூடுகிறது. ஆக்சிசனோ வெகுவாகக் குறைந்த பிறகுதான் சுவாசத்தைத் தூண்டுகிறது. கழுத்திலுள்ள கரோட்டிட் தமனியின் கிளைப்பிரிவிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள வேதி உணர்விகள் ஆக்சிசனையும் அமிலத்தன்மையையும் உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கின்றன. இவ்வுணர்விடங்கள் சுவாசத்தை நெறிப்படுத்தும் விதத்தைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தைச் சேர்ந்த கார்னெய் ஹேமான்ஸ் 1938 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

எனினும் உடற்பயிற்சியின்போது மூச்சு கூடுவதை இரத்தத்தின் வேதி மாற்றங்களை மட்டும் கொண்டு விளக்க முடியாது. 1913 இல் கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோக், யோகன்னஸ் லிண்ட்கார்டு ஆகியோர் செய்த ஆய்வில், பயிற்சி தொடங்கிய முதல் மூச்சுகளிலேயே சுவாசம் சட்டென்று உயர்வது தெரிந்தது. தசையில் உண்டான கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் கலந்து மூளையை அடைவதற்கு முன்பே இது நிகழ்ந்துவிடுகிறது. காலை அசைக்கச் சொல்லி மூளை கட்டளையிடும்போதே சுவாச மையத்திற்கும் ஒரு செய்தி செல்கிறது என்பது இதற்கான விளக்கம். இயங்கும் தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் திரும்பி வரும் நரம்புச் செய்திகளும் இதில் பங்கு பெறுகின்றன.

எனவே சுவாச உயர்வை மூன்று கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம்.

1. பயிற்சி தொடங்கியவுடன் ஏற்படும் உடனடி உயர்வு.
2. அடுத்த சில நிமிடங்களில் படிப்படியான உயர்வு.
3. மிதமான பயிற்சியில், தேவைக்கு ஏற்ப ஒரு நிலையான அளவில் சுவாசம் நின்றுவிடும் கட்டம்.

மூன்றாம் கட்டத்தில் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும் அளவுக்குச் சரியாக ஈடுகொடுத்து அது வெளியேற்றப்படுவதால், தமனி இரத்தத்தில் அதன் பகுதி அழுத்தம் ஓய்வில் இருந்ததைப் போலவே சுமார் 40 மி.மீ. பாதரச அளவில் நிற்கிறது. உடல் இவ்வளவு துல்லியமாக இதை எவ்வாறு சாதிக்கிறது என்பது உடலியங்கியலில் இன்றும் விவாதிக்கப்படும் கேள்வியாகும்.

பேச்சுச் சோதனையும் சுவாச வாயிலும்

பயிற்சியின் கடுமை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சுவாசம் திடீரென்று செங்குத்தாக உயரத் தொடங்கும். இப்புள்ளி சுவாச வாயில் எனப்படும். இந்நிலையில் தசைகளில் லாக்டிக் அமிலம் தொடர்பான வினைகளால் அமிலத்தன்மை கூடுகிறது. இரத்தத்தில் உள்ள பைகார்பனேட் அதனை ஈடுகட்டும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. அதையும் வெளியேற்றும் பொறுப்பு நுரையீரலுக்கு வந்து சேர்கிறது.

கருவி எதுவும் இல்லாமல் இதை அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது தடையின்றிப் பேச முடிந்து, பாட மட்டும் முடியாவிட்டால் அது மிதமான பயிற்சி. சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் அது கடும் பயிற்சி. இது பேச்சுச் சோதனை எனப்படுகிறது.

நுரையீரலா, இதயமா?

ஒருவர் தன் முழு முயற்சியில் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிசனின் உச்ச அளவு அதிகபட்ச ஆக்சிசன் ஏற்பு எனப்படும். இக்கருத்தை 1920களில் ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஆர்ச்சிபால்டு விவியன் ஹில் உருவாக்கினார். உடல் ஓய்வில் நிமிடத்திற்குச் சுமார் 250 மி.லி. ஆக்சிசனைப் பயன்படுத்துகிறது. நலமான இளைஞர் ஒருவர் முழு முயற்சியில் சுமார் 3,000 மி.லி. வரை பயன்படுத்தலாம், அதாவது 12 மடங்கு.

இந்த 12 மடங்கு எங்கிருந்து வருகிறது? ஓய்வில் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் தமனி இரத்தத்தில் உள்ள சுமார் 200 மி.லி. ஆக்சிசனில் 50 மி.லி. மட்டுமே திசுக்களால் எடுக்கப்படுகிறது. கடும் பயிற்சியில் இதயம் 20 லிட்டர் வரை வெளியேற்றுகிறது. இது 4 மடங்கு. தசைகள் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் 150 மி.லி. வரை எடுத்துக்கொள்கின்றன, இது 3 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 12 மடங்கு கிடைக்கும்.

தசைகள் கூடுதலாக எடுத்துக்கொள்ள முடிவதற்கு அங்குள்ள வெப்பமும் அமிலத்தன்மையும் துணைசெய்கின்றன. இவை ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிசனுக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்துகின்றன. அமிலத்தன்மையாலும் கார்பன் டை ஆக்சைடாலும் ஏற்படும் இத்தளர்ச்சி, 1904 இல் இதை விளக்கிய கிறிஸ்டியன் போரின் பெயரால் போர் விளைவு எனப்படுகிறது. எந்தத் தசை அதிகம் உழைக்கிறதோ அதற்கே அதிக ஆக்சிசன் இறக்கப்படுகிறது.

நுரையீரலுக்கோ இன்னும் இருப்பு உண்டு. ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரலின் இரத்த நுண்நாளத்தைக் கடக்க சுமார் 0.75 வினாடி எடுத்துக்கொள்கிறது. அது ஆக்சிசனால் நிறைவதற்கு 0.25 வினாடியே போதும். பயிற்சியில் இரத்தம் விரைந்து ஓடினாலும் நேரம் பற்றாமல் போவதில்லை. எனவே நலமானவர்களில் பெரும்பாலோருக்குக் கடல் மட்டத்தில் எல்லையை வகுப்பது நுரையீரல் அன்று. இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ள முடியும் என்பதே. மிகத் தேர்ந்த நெடுந்தொலைவு வீரர்கள் சிலரும் பந்தயக் குதிரைகளும் இதற்கு விலக்கு. இவற்றின் இதயம் இரத்தத்தை மிக விரைவாகச் செலுத்துவதால், உச்ச முயற்சியில் தமனி இரத்தத்தின் ஆக்சிசன் அளவு உண்மையிலேயே குறைகிறது.

பயிற்சிக்குப் பின்

ஓடி முடித்த பின்னும் சிறிது நேரம் மூச்சு வாங்குகிறது. ஹில் இதை ஆக்சிசன் கடன் என்று அழைத்தார். தசைகளில் செலவான ஆற்றல் இருப்பை நிரப்புவது, லாக்டிக் அமிலத்தைக் கையாள்வது, உயர்ந்த உடல் வெப்பத்தையும் இதயத்துடிப்பையும் இறக்குவது ஆகிய பணிகளுக்காகவே இந்தக் கூடுதல் ஆக்சிசன் தேவைப்படுகிறது. ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தாமல் சில நிமிடங்கள் மெதுவாக நடந்தால் கால்களில் தேங்கும் இரத்தம் இதயத்திற்குத் திரும்பும், தலைசுற்றலும் தவிர்க்கப்படும்.

தொடர் பயிற்சியின் பயன்கள்

பல மாதங்கள் ஓடினால் நுரையீரல் பெரிதாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. வளர்ந்தவர்களில் நுரையீரலின் கொள்ளளவு பயிற்சியால் மிகச் சிறிதே மாறுகிறது. மாறுபவை வேறு. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் கூடுகிறது. இரத்தத்தின் மொத்தக் கன அளவு உயர்கிறது. தசைகளில் நுண்நாளங்களும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. சுவாசத் தசைகள் களைப்பைத் தாங்கப் பழகுகின்றன. அமிலத்தன்மை கூடத் தொடங்கும் புள்ளி தள்ளிப்போவதால், முன்பு இளைக்க வைத்த அதே மாடிப்படி பிறகு இளைக்க வைப்பதில்லை.

பயிற்சி இல்லாமையின் விளைவை 1966 இல் அமெரிக்காவின் டாலசில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 20 வயதுடைய நலமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருந்தனர். அவர்களது அதிகபட்ச ஆக்சிசன் ஏற்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. தொடர்ந்து அளிக்கப்பட்ட பயிற்சியில் அது மீண்டது. அதே ஐவரை 30 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது, 30 ஆண்டு முதுமை அவர்களிடம் ஏற்படுத்திய இழப்பு அந்த மூன்று வாரப் படுக்கை ஏற்படுத்திய இழப்பைவிடக் குறைவாக இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகளை மருத்துவர்கள் விரைவிலேயே எழுந்து நடக்கச் சொல்வதற்கு இத்தகைய அறிவும் ஒரு காரணம்.

உயரமான இடங்களில்

மேலே செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிசனின் விழுக்காடு மாறுவதில்லை, காற்றழுத்தம்தான் குறைகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிசன் குறைகிறது. 1968 ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மெக்சிகோ நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலமும் ஏறக்குறைய அதே உயரம்தான். அப்போட்டிகளில் குறுந்தொலைவு ஓட்டங்களிலும் தாண்டுதலிலும் உலக சாதனைகள் பிறந்தன. அடர்த்தி குறைந்த காற்று அவற்றுக்கு உதவியது. நெடுந்தொலைவு ஓட்டங்களில் நேரம் கூடியது. உயர்நிலங்களிலிருந்து வந்த கென்யாவின் நப்தாலி டெமு 10,000 மீட்டர் ஓட்டத்திலும், எத்தியோப்பியாவின் மாமோ வொல்டே மாரத்தானிலும் வென்றனர்.

உயரத்திற்குச் சென்றவுடன் உடல் முதலில் மூச்சைக் கூட்டுகிறது. நாட்கள் செல்லச் செல்ல, சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரின் தூண்டலால் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. எனவே மலைப்பகுதிக்குச் செல்வோர் முதல் சில நாட்கள் கடும் பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது.

உடற்பயிற்சியால் தூண்டப்படும் மூச்சுக்குழல் சுருக்கம்

சிலருக்கு, குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, பயிற்சியின்போதோ அது முடிந்த சில நிமிடங்களிலோ இருமல், நெஞ்சிறுக்கம், மூச்சில் விசில் ஒலி ஆகியவை தோன்றும். வாயால் வேகமாக மூச்சு விடும்போது மூக்கு செய்யும் ஈரமூட்டலும் வெதுவெதுப்பாக்கலும் நடைபெறாமல், உலர்ந்த காற்று மூச்சுக்குழல்களின் உட்பரப்பிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அதனால் தூண்டப்பட்ட செல்கள் ஹிஸ்டமின், லூகோட்ரையின் போன்ற வேதிப்பொருட்களை வெளியிட, குழல்களைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. குளிர்ந்த, உலர்ந்த காற்றில் இது அதிகம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் தானாகவே தணிந்துவிடும்.

சாதாரண இளைப்பு ஓட்டத்தை நிறுத்தியவுடன் குறையத் தொடங்கும். இச்சுருக்கமோ நிறுத்திய பின் 5 முதல் 10 நிமிடங்களில் கூடும். இவ்வேறுபாட்டை உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருப்பது அவசியம். இக்குறை உள்ள மாணவர் "சோம்பேறி" என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. அச்சத்தால் விளையாட்டிலிருந்து முழுதாக விலக்கப்படுவதும் உண்டு. இரண்டும் தேவையற்றவை. நன்கு உடலைச் சூடேற்றிக்கொண்டு தொடங்குவது, மருத்துவர் பரிந்துரைத்த இன்ஹேலரைப் பயிற்சிக்குச் சுமார் 15 நிமிடங்களுக்கு முன் பயன்படுத்துவது, அதைக் கையருகே வைத்திருப்பது ஆகியவற்றால் பெரும்பாலோர் எல்லா விளையாட்டுகளிலும் ஈடுபட முடியும். 2003 இல் இலண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி அப்போதைய உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃப், இக்குறை உடையவரே.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். இளைப்புக்குப் பயந்து நடப்பதைக் குறைத்தால் கால் தசைகள் தளர்ந்து, சிறு வேலைக்கே மேலும் இளைக்கும். கண்காணிப்புடன் அளிக்கப்படும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி நுரையீரலின் சேதத்தைச் சரிசெய்வதில்லை. எனினும் இளைப்பைக் குறைத்து நடக்கும் தொலைவைக் கூட்டுகிறது.

நீச்சலும் மூச்சடக்கமும்

நீருக்கடியில் நெடுநேரம் இருக்க விரும்பும் சிறுவர்கள் சிலர், முங்குவதற்கு முன் பலமுறை வேகமாக மூச்சு விடுவதுண்டு. இது உயிருக்கே ஆபத்தானது. வேகமாக மூச்சு விடுவதால் உடலில் ஆக்சிசன் இருப்பு பெரிதாகக் கூடுவதில்லை, ஏனெனில் தமனி இரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய முழுமையாக நிறைந்திருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடுதான். மூச்சுவிடத் தூண்டுவது அதுவே என்பதால், எச்சரிக்கை உணர்வு தாமதமாகிறது. அதற்குள் ஆக்சிசன் தீர்ந்து, மூச்சு முட்டும் உணர்வே இல்லாமல் நீருக்கடியில் நினைவு தப்பிவிடும். நன்கு நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு உயிரிழக்கின்றனர். கிணற்றிலோ குளத்திலோ நீச்சல் குளத்திலோ மூச்சடக்கும் போட்டி வைக்கக்கூடாது. தனியாக முங்கிப் பழகவும் கூடாது.

காற்றின் தரமும் புகைபிடித்தலும்

பயிற்சியின்போது சுவாசம் பல மடங்கு கூடுவதால் காற்றில் உள்ள மாசும் அதே அளவில் கூடுதலாக உள்ளே செல்கிறது. வாயால் மூச்சு விடுவதால் மூக்கின் வடிகட்டலும் கிடைப்பதில்லை. எனவே போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தைவிடப் பூங்கா, கடற்கரை, விளையாட்டுத் திடல் ஆகியவை ஏற்றவை. புகைபிடிப்போரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலக்கிறது. ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது ஹீமோகுளோபினுடன் இணைந்து, ஆக்சிசனுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நுரையீரல் நன்றாக இருந்தாலும் இவர்கள் விரைவில் இளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு பயிற்சி தேவை?

உலக சுகாதார அமைப்பின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடும் பயிற்சியோ செய்ய வேண்டும். 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் தேவை. மூச்சுப்பயிற்சி மனத்தை அமைதிப்படுத்தவும் மூச்சைச் சீராக்கவும் உதவும். ஆனால் இதயத்தையும் தசைகளையும் உழைக்க வைக்கும் நடை, ஓட்டம், நீச்சல், மிதிவண்டி ஆகியவற்றுக்கு அது மாற்றாகாது.

எப்போது கவனம் தேவை?

பயிற்சியில் இளைப்பது இயல்பு. பின்வருவன இயல்பானவை அல்ல.

- நெஞ்சு வலி, நெஞ்சிலிருந்து கைக்கோ தாடைக்கோ பரவும் வலி
- பயிற்சியின்போது மயக்கம் அல்லது நினைவிழப்பு
- உதடு, நகம் நீலநிறமாதல்
- ஓய்வெடுத்த பின்னும் தணியாத மூச்சுத்திணறல்
- சில வாரங்களுக்கு முன் எளிதாகச் செய்த வேலைக்கே இப்போது இளைத்தல்
- இருமலில் இரத்தம்

முதல் நான்கும் தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி அவசர மருத்துவ உதவி பெற வேண்டும். மற்ற இரண்டுக்கும் தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். இளைப்புக்குக் காரணம் எப்போதும் நுரையீரலாக இருப்பதில்லை. இதய நோயும் இரத்தசோகையும்கூட முதலில் மூச்சு வாங்குதலாகவே வெளிப்படலாம்.